வலி வந்து போகும் நோய்க்கு மாற்றுத்திறனாளி சான்று: நீலகிரியில் விண்ணப்பிப்போருக்கு ஒரு முழு வழிகாட்டி

கால் இழந்தவரைப் பார்த்தவுடன் மருத்துவருக்கு விளங்கிவிடும். அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவரைப் பார்த்தால் விளங்காது. சான்று வழங்கும் மருத்துவக் குழு கூடும் நாளன்று அவர் நடந்து வருவார், நிமிர்ந்து உட்காருவார், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார். போன வாரம் முதுகெலும்பிலும் முழங்காலிலும் வலி வந்து, எஸ்டேட் லைன் வீட்டில் புரண்டு அழுதது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. நாட்பட்ட நோயோடு வாழ்பவர்கள் அரசு உதவி கேட்டுப் போகும்போது தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே நோக்கத்தில் எழுதப்பட்டது: மருத்துவர் பார்க்காத நாட்களை அவர் கண்முன் கொண்டுவந்து வைப்பது எப்படி?

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கங்களில் அதிகம் காணப்படும் அரிவாள் செல் நோயையே முதன்மை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோய் அது. 'சிக்கில் செல்' என்றுதான் ஊரில் சொல்கிறோம். பார்கின்சன், தலசீமியா, ஹீமோபிலியா, மனநோய் உள்ளவர்களுக்கும் வழி ஏறத்தாழ இதுவே.

உங்கள் நோய் சட்டத்தில் இருக்கிறதா?

நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் இருப்பது 1952லேயே மருத்துவ இதழில் பதிவானது. இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய முதல் பதிவுகளில் அதுவும் ஒன்று. ஆனால் அதைச் சட்டம் மாற்றுத்திறனாக ஏற்க 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைகளே இருந்தன. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அந்தப் பட்டியலை 21 ஆக விரித்தது. ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் ஆகிய மூன்று ரத்தக் கோளாறுகள் உள்ளே வந்தன. பார்கின்சன், மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ், தசைச்சிதைவு, நாட்பட்ட நரம்பியல் பாதிப்புகள், மனநோய் ஆகியவையும் இருக்கின்றன.

சிறுநீரகச் செயலிழப்பு, இதய நோய், சர்க்கரை நோய், ஆஸ்துமா, புற்றுநோய் ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. இது நியாயமில்லை என்பதே என் கருத்து. வாரம் இருமுறை டயாலிசிஸுக்குப் போகிறவர் எந்த வேலைக்குப் போக முடியும்? ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது. இவர்கள் நோயின் பெயரைச் சொல்லி விண்ணப்பிப்பதைவிட, அந்த நோய் உடலில் விட்டுச்சென்ற குறையைச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். சர்க்கரையால் கால் எடுக்கப்பட்டிருந்தால், பார்வை போயிருந்தால், முடக்குவாதத்தால் விரல்கள் மடங்கிப்போயிருந்தால், அந்தக் குறை பட்டியலில் உள்ள வகைகளுக்குள் வரும். அப்படி எதுவும் இல்லாதவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கானது அது. காசநோய்க்குச் சிகிச்சை பெறுவோருக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் தனியே உண்டு. 2024 நவம்பருக்கு முன் அது 500 ரூபாயாக இருந்தது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பரிசோதனை முகாமில் 'உங்களுக்குச் சிக்கில் செல் இருக்கிறது' என்று சொல்லி அட்டை கொடுத்திருப்பார்கள். அது நோயா, நோயைக் கடத்தும் மரபணு மட்டுமா என்று பாருங்கள். தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்திருந்தால் அறிக்கையில் 'ஏஎஸ்' என்று இருக்கும். அவர்களுக்கு இந்தச் சான்று கிடைக்காது. 'எஸ்எஸ்' என்று இருந்தால், அல்லது அரிவாள் செல்லோடு தலசீமியா மரபணுவும் சேர்ந்திருந்தால், அது நோய். ஒரு சொட்டு ரத்தத்தில் உடனே சொல்லும் முகாம் சோதனை போதாது. எச்பிஎல்சி அல்லது எலக்ட்ரோபோரசிஸ் என்ற ஆய்வக அறிக்கை கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல், மருத்துவக் குழு கூடும் உதகைக்குப் பஸ் ஏறாதீர்கள்.

கோப்பைத் தயார் செய்யுங்கள்

மொத்த வேலையில் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஆன்லைன் பதிவு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கோப்பு தயாராக மூன்று நான்கு மாதங்கள்கூட ஆகலாம்.

சட்டம் அரிவாள் செல் நோயை மூன்று அடையாளங்களால் விளக்குகிறது: தொடர்ந்த ரத்தசோகை, வலி நிகழ்வுகள், திசுவும் உறுப்பும் சேதமடைவதால் வரும் சிக்கல்கள். உங்கள் கோப்பையும் அதே மூன்று பகுதிகளாகப் பிரித்துவிடுங்கள்.

ரத்தசோகைக்கு, பழையதும் புதியதுமான ஹீமோகுளோபின் அறிக்கைகளைத் தேதி வாரியாக அடுக்குங்கள். எப்போதெல்லாம் ரத்தம் ஏற்றப்பட்டது என்பதற்கான சீட்டுகளும் இங்கே. ஹைட்ராக்சியூரியா, போலிக் ஆசிட் மாத்திரைகள் எழுதப்பட்ட ஓ.பி. சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். மாத்திரை வாங்கியதும் சீட்டை அடுப்பில் போடும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அந்தச் சீட்டு ஒவ்வொன்றும் ஒரு சாட்சி.

உறுப்புச் சேதத்துக்கு, இடுப்பு மூட்டு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், கண் பரிசோதனை, பக்கவாதம் வந்திருந்தால் அதன் அறிக்கை. இந்த நோயில் தொடை எலும்பின் தலைப்பகுதி ரத்த ஓட்டமின்றிச் சிதைவது உண்டு. நடக்கும்போது இடுப்பு வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். அப்படிச் சிதைவு இருந்தால் அது கை கால் இயக்கக் குறைபாடாகவும் மதிப்பிடப்படலாம். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் சேர்த்து மதிப்பிடப்படும்போது சான்றில் போடப்படும் குறைபாட்டுச் சதவீதம் மாறும்.

கடினமானது இரண்டாவது பகுதி, வலி. வலிக்கு எக்ஸ்ரே கிடையாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாட்களுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும். வீட்டிலேயே கம்பளியைப் போர்த்திக்கொண்டு கடந்துபோன நாட்களுக்கு ஒன்றும் இருக்காது. ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வலி வந்த தேதி, எந்த இடத்தில், எத்தனை நாள், என்ன மாத்திரை, யார் சமைத்தார், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்று எழுதி வாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதட்டும். கிராம சுகாதார செவிலியரோ, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளரோ வீட்டுக்கு வரும்போது அந்தப் பக்கத்தில் தேதியோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

எஸ்டேட் தொழிலாளிக்கு இன்னொரு வலுவான சான்று உண்டு. அது செக் ரோல், அதாவது எஸ்டேட்டின் தினசரி வருகைப் பதிவேடு. எந்தெந்த நாள் பெயர் விழவில்லை என்பது அதில் இருக்கிறது. சம்பளச் சீட்டில் மாத வேலை நாட்கள் தெரியும். நோட்டில் வலி என்று எழுதிய நாட்களும் சம்பளச் சீட்டில் குறைந்த நாட்களும் ஒத்துப்போனால், அதைவிட நம்பத்தக்க ஆதாரம் வேறு என்ன வேண்டும்? மாணவர்களுக்குப் பள்ளி வருகைப் பதிவேடு அதே வேலையைச் செய்யும். தலைமை ஆசிரியரிடம் விடுப்பு நாட்களைக் குறித்து ஒரு கடிதம் கேளுங்கள்.

பந்தலூர், சேரம்பாடி, எருமாடு பக்கத்து மக்கள் அவசரத்துக்கு வயநாட்டு ஆஸ்பத்திரிகளுக்குத்தான் ஓடுகிறார்கள். கேரளத்துச் சீட்டு இங்கே செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நோய்க்கான ஆதாரமாக அவற்றைத் தாராளமாக வைக்கலாம். விண்ணப்பத்தை மட்டும் உங்கள் முகவரி உள்ள மாவட்டத்திலோ, நீங்கள் சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலோ கொடுக்க விதி இடம் தருகிறது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை போன்ற தொண்டு மருத்துவமனைகளில் தொடர்ந்து பார்ப்பவர்கள், அங்குள்ள மருத்துவரிடம் முழு நோய் வரலாற்றையும் ஒரே கடிதமாக எழுதி வாங்குவது நல்லது.

கடைசியாக, கோப்பின் முதல் பக்கமாக ஒரு சுருக்கம் வையுங்கள். குழு மருத்துவருக்கு ஐம்பது தாள்களைப் புரட்ட நேரம் இருக்காது. ஒரு மாதிரி:

'எனக்கு அரிவாள் செல் நோய் (எஸ்எஸ்) இருப்பது ஆய்வக அறிக்கையில் உறுதியாகியுள்ளது (பக்கம் 2). கடந்த ஓராண்டில் வலிக்காக நான்கு முறை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டேன் (பக்கம் 5 முதல் 12 வரை). இரண்டு முறை ரத்தம் ஏற்றப்பட்டது (பக்கம் 13, 14). இடது இடுப்பு மூட்டில் சேதம் உள்ளது (பக்கம் 16). வலி நாட்களில் குளிக்கவும் உடை மாற்றவும் பிறர் உதவி வேண்டும். சராசரியாக மாதம் ஒன்பது நாட்கள் வேலைக்குப் போக முடிவதில்லை (பக்கம் 18 முதல்).'

அவ்வளவே போதும். உங்கள் எண்களை உண்மையாக எழுதுங்கள். ஒன்றைக் கூட்டிச் சொல்லி அது அறிக்கையோடு முரண்பட்டால், மற்ற அனைத்தும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பதிவு

2021 ஜூன் முதல் மாற்றுத்திறனாளி சான்று ஆன்லைன் வழியாக மட்டுமே. ஸ்வாவ்லம்பன் என்ற மத்திய அரசு இணையதளத்தில் பதிவு செய்தால் சான்றும், யூடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும் சேர்ந்தே வரும். ஆதார், முகவரிச் சான்று, ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படம், கையெழுத்து அல்லது கைரேகை வேண்டும். செல்போனில் செய்ய முடியாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம். உதகையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் உதவி கேட்கலாம். பதிவு எண் வந்ததும் அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். குறைபாட்டின் வகையைத் தேர்வு செய்யும் இடத்தில் 'சிக்கில் செல் நோய்' என்பதே குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அவசரத்தில் வேறு வகை குறிக்கப்பட்டால் வேறு துறை மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்கள்.

முகவரிதான் பலருக்கு முட்டுக்கட்டை. கம்பெனி லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு வீட்டு வரி ரசீது இருக்காது. வனத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளில் கதவு எண்ணே இருக்காது. ஆதாரில் உள்ள முகவரியும் ரேஷன் அட்டை முகவரியும் ஒன்றாக இருந்தால் சிக்கல் குறையும். இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் பதிவுக்குப் போங்கள். பெயரின் முன்னெழுத்து ஆதாரில் ஒன்றாகவும் ஆஸ்பத்திரிச் சீட்டில் வேறாகவும் இருப்பதும் அடிக்கடி நடக்கிறது.

2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகளின்படி, விண்ணப்பித்ததிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதைக் கடந்தால் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள்.

உதகைக்குப் போகும் நாள்

மற்ற மாவட்டத்து வழிகாட்டிகளில் இந்தப் பகுதியைப் பார்க்க முடியாது. நமக்கு இது உயிர்ப் பிரச்சினை. குளிர், உடலில் நீர் குறைவது, களைப்பு ஆகிய மூன்றும் அரிவாள் செல் வலியைத் தூண்டுபவை. கூடலூரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் மலை ஏறி, 2,200 மீட்டருக்கு மேல் உள்ள உதகையில் பனிக்காற்றில் வரிசையில் நிற்பது இந்த மூன்றையும் ஒரே நாளில் அழைத்து வருகிறது. பஸ்ஸில் இடையில் இறங்க முடியாதே என்று பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஸ்வெட்டர், காலுறை, குல்லாய், வலி மாத்திரை, வீட்டுச் சாப்பாடு எல்லாம் கையில் இருக்கட்டும். துணைக்கு ஒருவர் கட்டாயம். டிசம்பர், ஜனவரியில் நாள் கொடுத்தால், கூடலூரிலோ பந்தலூரிலோ சிறப்பு முகாம் நடக்குமா என்று முதலில் விசாரியுங்கள். முகாம் இருந்தால் அதற்குப் போவதே மேல்.

குறித்த நாளன்றே வலி வந்துவிட்டால் குழுவிடம் போக வேண்டாம். அருகில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருங்கள். வேறு நாள் கேட்டு வாங்கலாம். ஆஸ்பத்திரியில் சேர்ந்ததற்கான சீட்டும் கோப்பில் சேரும்.

குழு மருத்துவர் முன் உட்கார்ந்ததும் 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்பார். 'நன்றாக இருக்கிறேன், டாக்டர்' என்று பதில் சொல்வது நம் மரியாதை. அங்கே அந்த மரியாதை உங்களுக்கு எதிராகப் போகும். 'இன்று பரவாயில்லை. போன மாதம் பதினோரு நாள் எழுந்திருக்க முடியவில்லை, நோட்டில் எழுதியிருக்கிறேன்' என்று சொல்லுங்கள். பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடும்பங்களின் பெரியவர்கள் பலர் வெள்ளை அங்கி முன் வாயே திறக்க மாட்டார்கள். அவர்கள் மொழி தெரிந்த பிள்ளையோ, சுகாதாரப் பணியாளரோ கூட வந்து பேசட்டும். துணைக்கு வந்தவரை உள்ளே விடச் சொல்லிப் பணிவாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள்.

சான்று வந்த பிறகு

முதலில் சதவீதத்தைப் பாருங்கள். நாற்பதுக்குக் கீழ் என்றால் வெள்ளை அட்டை, நாற்பது முதல் எண்பதுக்குள் மஞ்சள், எண்பதும் அதற்கு மேலும் நீலம். பெரும்பாலான உதவிகள் நாற்பதில் தொடங்குகின்றன. இந்தச் சான்று நாடு முழுவதும் செல்லும்.

பணமாக வருவது இரண்டு வழிகளில். ஒன்று வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 2023 ஜனவரி முதல் மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் விஏஓ, ஆர்ஐ விசாரித்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஆணை வழங்குவார். மற்றொன்று மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவித்தொகை. மாதம் 2,000 ரூபாய். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய், பார்கின்சன் போன்ற குறிப்பிட்ட வகையினருக்கு அது. இரண்டையும் ஒருவரே பெற முடியாது. எனவே நல அலுவலகத்தில் உங்கள் சான்றைக் காட்டி, எதற்குத் தகுதி என்று கேட்டுக்கொண்டு, அதன் பிறகே விண்ணப்பியுங்கள்.

1,500 ரூபாயை யாரும் கருணை என்று நினைத்துக் கூச வேண்டாம். பிறருக்கான இதேபோன்ற திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்று உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு சொல்கிறது. முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய் ஆனபோது அதன் ஒன்றேகால் மடங்கு சரியாக 1,500 ரூபாய். இது சட்டப்படி நமக்கு உரிய தொகை. மாதம் ஒன்பது நாள் கூலியை இழக்கும் குடும்பத்துக்கு இது போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

படிக்கும் பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இட ஒதுக்கீடு ஆகியவை நாற்பது சதவீதம் உள்ள ரத்தக் கோளாறுக்காரர்களுக்கும் உண்டு. அரசு வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் மட்டும் ரத்தக் கோளாறுகள் சேர்க்கப்படவில்லை. இது தெரியாமல் பல இளைஞர்கள் வேலை ஒதுக்கீட்டை நம்பிக் காத்திருக்கிறார்கள். அரசு நிறுவனங்களிலும் அரசுக்குச் சொந்தமான கழகங்களிலும் ஏற்கெனவே பணியில் இருப்பவரை, பணிக்காலத்தில் வந்த மாற்றுத்திறனைக் காரணம் காட்டி நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்று 20ஆவது பிரிவு காப்பளிக்கிறது.

ரயில் சலுகைக்கு இந்தச் சான்றே தேவையில்லை. அரிவாள் செல் நோயாளிகள் சிகிச்சைக்காகப் பயணிக்கும்போது, மருத்துவர் தரும் உரிய படிவத்தைக் காட்டினால் ஸ்லீப்பர் உள்ளிட்ட வகுப்புகளில் பாதிக் கட்டணம். மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோவையிலிருந்தோ சென்னைக்குப் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

மறுத்தால், குறைத்துப் போட்டால்

மறுப்பு வாய்மொழியாக வந்தால் ஏற்காதீர்கள். காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. 59ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். மனுவில் கோபத்தைக் கொட்டுவதால் பயனில்லை. எந்த அறிக்கை பார்க்கப்படவில்லை, எந்தப் பாதிப்பு மதிப்பிடப்படவில்லை என்று பக்க எண்ணோடு எழுதுங்கள். மேல்முறையீட்டுக்குக் காலவரம்பு இருப்பதால் மறுப்புக் கடிதம் கையில் வந்த வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எதுவாயினும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். ஓய்வூதிய மனு மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதன் நிலையைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும்.

சான்று காலாவதியாகும் முன்

அரிவாள் செல் போன்ற நோய்களுக்குச் சான்று சில ஆண்டுகளுக்கு மட்டும் வழங்கப்படலாம். அட்டையில் உள்ள கடைசித் தேதிக்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள். ஓய்வூதியம் வரத் தொடங்கியதும் வலி நோட்டை மூடி வைத்துவிடுகிறார்கள். மறுமதிப்பீட்டில் குழு கேட்பது இடைப்பட்ட ஆண்டுகளின் பதிவைத்தான். ஆண்டுதோறும் வாழ்வுச் சான்று கேட்டால் தாமதிக்காமல் கொடுங்கள். வங்கிக் கணக்கு, ஆதார், செல்போன் எண் மாறினால் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கான ரசீதை அதே கோப்பில் வையுங்கள்.